கண் மதிப்பில் பிளக் கேப் வைக்கலாமா?

நேற்று ஒர்க்‌ஷாப்பில் தம்பி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டி, "கண் மதிப்பே போதும் சார்" என்றார். முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவனிடம்! என் கார் கையேட்டில் 1.1 மி.மீ. ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தேன், 0.7தான். பொறி பலவீனமாகும், ஐடிலிங்கில் வண்டி உதறும்.

இன்னொரு பிளக்கில் பீங்கானே விரிசல். அதையும் மாட்டப் போனார். விரிசல் வழியே மின்சாரம் கசிந்தால் பொறி தவறும். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைப் பாழாக்கும். பிளக்குக்குச் சில நூறு மிச்சம், அதற்குப் பல ஆயிரம் தண்டம். இதற்குப் பெயர் அனுபவமாம்!

புதுப் பிளக் வாங்கிவிட்டேன். நாளை கேஜோடு பக்கத்திலேயே நிற்பேன். கோபித்தால் கோபிக்கட்டும்.