கையில் கயிறு; கருத்தில் முடிச்சு!

தோழனே!

2023 ஆகஸ்டில், நெல்லை மாவட்டம் நாங்குநேரியில், மாணவன் ஒருவன் வீட்டிலேயே வெட்டப்பட்டான். தடுக்க வந்த தங்கையும் வெட்டுண்டாள். வழக்கில் சிக்கியோர் யார்? எழுத்தறியாதவரா? இல்லை, அவனோடு பள்ளியில் பயின்ற மாணவர்கள்! மூட்டியது சாதித் தீ!

ஏழை, செல்வர் பேதம் மறையச் சீருடை தந்தோம். மணிக்கட்டு வண்ணக் கயிறோ சாதியைச் சாற்றுகிறது! அதைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது, 2024இல் அறிக்கை தந்த நீதிபதி சந்துரு குழு. நன்று! ஆனால், கையில் கழன்ற கயிறு கருத்தில் முடிச்சாகக் கிடந்தால்?

அந்த முடிச்சை மதிப்பெண் அவிழ்க்காது. நீதிபோதனை வகுப்பு மட்டும் அவிழ்க்காது. ஒரே பலகையில் அமர்ந்து, ஒரே பந்தியில் உண்டு, அடுத்தவன் வலியைத் தன் வலியாய் உணரும் பழக்கமே அவிழ்க்கும்.

“எத்தனை மதிப்பெண்?” என்று பிள்ளையைக் கேட்கும் நீ, “பக்கத்தில் அமர்பவனை வீட்டுக்கு அழைத்தாயா?” என்றும் கேள்!