பின்னால் போனால் குற்றமா?

அரசு இணையதளம் ஒன்றில் ஓய்வூதியப் படிவம் நிரப்பினேன். பிரெஞ்சு வழியில் படித்தவன். ஆங்கிலப் படிவம் என்றால் எனக்கு ஒரு மணி நேரம். நாலாம் பக்கத்தில்தான் பிறந்த தேதி தப்பு என்று ஞாபகம் வந்தது. பின்செல்லும் பொத்தானை அமுக்கினேன். அத்தனையும் காலி!

"பிரவுசரே அப்படித்தான் தாத்தா" என்றான் பேரன். இல்லையப்பா. பின்னால் போனால் முன்பு பார்த்ததை அப்படியே காட்ட வேண்டும் என்றுதான் 1999-இல் வந்த எச்டிடிபி விதி சொன்னது. 2005-இல் பயர்பாக்ஸ் 1.5 பழைய பக்கத்தை நினைவில் வைத்திருந்து சட்டென்று காட்டியது. 'நோ-ஸ்டோர்', அதாவது சேமிக்காதே, என்று உத்தரவு போடுவது தளம்தான். வங்கிக் கணக்குப் பக்கத்துக்கு அது நியாயம். அரைகுறைப் படிவத்துக்கு எதற்கு?

எங்கள் ஆரணியில் ஊடை ஒன்று தப்பினால் அந்த இழையைத்தான் எடுப்பார்கள். பாவை அறுக்க மாட்டார்கள். 'பின்னால் போகாதீர்கள்' என்று சிவப்பில் எழுதத் தெரிந்தவர்களுக்கு, நிரப்பியதைப் பக்கத்துக்குப் பக்கம் சேமித்து வைக்கத் தெரியாதா?