நீட் வேண்டாம்னு சொல்றோம்... அப்புறம் ஏன் பாடம் எடுக்கிறோம்?



போன வாரம் பாம்பன்ல ஒரு டீக்கடையில அண்ணன் ஒருத்தர் கேட்டார்: "ஏன் தம்பி, பகல்ல நீட் வேண்டாம்னு கொடி பிடிக்கிறீங்க. சாயங்காலமானா நீங்களே பிள்ளைங்களை உட்கார வச்சு நீட்டுக்குப் பாடம் எடுக்கிறீங்க. இது என்ன கணக்கு?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டியது நம்ம கடமை.

நான் இன்ஜினியரிங் படிச்சவன். நுழைவுத்தேர்வு எழுதாம, +2 மார்க்கை வச்சு கவுன்சிலிங்ல சீட் வாங்கினேன். 2006-ல் நம்ம சட்டமன்றம் போட்ட சட்டமும், அதுக்குக் கிடைச்ச குடியரசுத் தலைவர் ஒப்புதலும்தான் அதுக்குக் காரணம். அதே சட்டமன்றம் 2021 செப்டம்பரில் நீட் விலக்கு மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, 2022 பிப்ரவரியில் மறுபடியும் நிறைவேற்றினாங்க. அதுக்கு ஒப்புதல் கிடைக்கலை. 1200-க்கு 1176 எடுத்த அரியலூர் அனிதாவை 2017-ல் இழந்தோம். அந்த வலி இன்னும் ஆறலை. அதனால நீட் வேண்டாம் என்பதில் மாற்றமே இல்லை.

ஆனா சட்டம் மாறும் வரைக்கும் வருஷா வருஷம் மே மாசம் நம்ம பிள்ளை அந்த ஹாலுக்குள்ள போய் உட்காரத்தான் போகுது. அதைத் தனியா அனுப்பிட்டு நாம வெளியே கோஷம் மட்டும் போட்டா, அது எப்படி நியாயம்?

கோடை விடுமுறைன்னா மத்த ஊர்ல ஊட்டி, கொடைக்கானல். இராமேஸ்வரம், தங்கச்சிமடம், மண்டபத்துல அது வேற. ஏப்ரல் 15-ல் இருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கரையில. தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய், ரெண்டு மாசத்துக்கு ஒரு குடும்பம் அதுல ஓடாது. அதே நேரத்துல கோயிலுக்கு வர்ற யாத்ரீகர் கூட்டம். அதனால +1 முடிச்ச பிள்ளை சங்குக் கடையில நிக்குது, லாட்ஜ்ல வேலை பார்க்குது, அம்மாவோட கருவாடு காய வைக்குது. நானும் +1 லீவுல சங்குக் கடையில நின்னவன்தான். நூறு ரூபாய் கொண்டு போனா வீட்ல அடுப்பு எரியும். யாரையும் குறை சொல்ல முடியாது.

ஆனா மதுரையில கோச்சிங் போற பிள்ளைக்கு அந்த ரெண்டு மாசம்தான் முதலீடு. நம்ம பிள்ளைக்கு அதுதான் இழப்பு. எங்க தெருத் தங்கச்சி ஒருத்தி +2-ல நல்ல மார்க். நீட்ல போயிடுச்சு. "அண்ணே, +1 பாடத்தைத் திருப்பிப் பார்க்கவே நேரம் கிடைக்கலை"ன்னு அழுதா. அன்னைக்குத்தான் இந்த வகுப்பை ஆரம்பிக்கணும்னு முடிவு பண்ணோம்.

இந்தக் கோடையில பிள்ளைங்க செய்ய வேண்டியது:

1. முதல்ல +1 பாடம். 2025-26 முதல் +1 பொதுத்தேர்வு கிடையாது. மன அழுத்தம் குறையும், நல்லதுதான். ஆனா நீட்ல ஏறத்தாழ பாதிக் கேள்வி +1 பாடத்துல இருந்துதான் வருது. பொதுத்தேர்வு இல்லைன்னு புத்தகத்தை மூடிடாதீங்க.

2. உயிரியலை விடாதீங்க. மொத்தம் 180 கேள்வி, 720 மார்க். அதுல 90 கேள்வி உயிரியல். விலங்குலகம் பாடத்தைத் திறந்து பாருங்க: திருக்கை, சுறா, கடல்குதிரை, கணவாய், முத்துச்சிப்பி, கடல் அட்டை, பறக்கிற கோலா மீன். எல்லாம் நம்ம மன்னார் வளைகுடா! நகரத்துப் பிள்ளை படத்துல பார்த்து மனப்பாடம் பண்றதை நம்ம பிள்ளை கரையில பார்த்து வளர்ந்திருக்கு. திருக்கைக்குக் குருத்தெலும்பு, கோலாவுக்கு எலும்பு. கணவாய் மெல்லுடலி, கடல் அட்டை முட்தோலி. தெரிஞ்ச உயிருக்குப் புத்தகப் பேரை ஒட்ட வைக்கிறதுதான் வேலை.

3. ஞாயிறு மதியம் 2 முதல் 5 வரை மாதிரித் தேர்வு. உண்மையான தேர்வும் அந்த நேரம்தான். சரியான பதிலுக்கு 4, தப்புக்கு 1 கழியும். எதைத் தொடாம விடணும்னு தெரியறதும் ஒரு பயிற்சி.

4. சான்றிதழ். 6-ம் வகுப்பு முதல் +2 வரை அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கு. தனியார் கல்லூரியில சீட் கிடைச்சாலும் கட்டணத்தை அரசே கட்டும். படிப்புச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாத்தையும் இப்பவே இ-சேவை மையத்துல கேட்டு எடுத்து வைங்க. கவுன்சிலிங் நேரத்துல ஓடாதீங்க.

5. சீட் கிடைக்கலைன்னா உலகம் முடிஞ்சிடாது. கால்நடை மருத்துவம் மாநில இடங்களுக்கும், மீன்வளப் படிப்புக்கும் +2 மார்க்தான் கணக்கு. இதை வீட்ல முன்னாடியே பேசி வைங்க. தேர்வு முடிவு வர்ற அன்னைக்குப் பேசாதீங்க.

இப்ப நம்ம தோழர்களுக்கு. கடை, லாட்ஜ் வச்சிருக்கிறவங்க, +1 முடிச்ச பிள்ளை வேலை கேட்டு வந்தா சாயங்காலம் 4 மணிக்கு விட்டுடுங்க, சம்பளத்தைக் குறைக்காம. கிளைச் செயலாளர்கள் ஒரு ஹால், ரெண்டு ஃபேன், நாலு டியூப்லைட் ஏற்பாடு பண்ணுங்க. படிச்ச இளைஞர்கள் வாரத்துல ரெண்டு சாயங்காலம் குடுங்க. பேனர் செலவுல பாதி போதும்.

2022 ஜனவரியில இராமநாதபுரத்துல அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாங்க. 100 எம்.பி.பி.எஸ். இடம். நம்ம கடற்கரையில இருந்து பஸ் ஏறினா போற தூரம். அந்த வகுப்புல மீனவர் வீட்டுப் பிள்ளை எத்தனை பேர் உட்காரணும்? அதை அடுத்த 61 நாள்ல நாமதான் முடிவு பண்ணப் போறோம்.

டீக்கடை அண்ணனுக்கு இதுதான் பதில்: போராட்டம் சட்டத்தை மாத்த. பாடம் பிள்ளையைக் காப்பாத்த. ரெண்டும் நம்ம வேலைதான்.

அண்ணன் கேட்டுட்டு டீக்குக் காசு வாங்கலை. மறுநாள் சாயங்காலம் தன் மகளை வகுப்புல கொண்டு வந்து விட்டுட்டுப் போனார்.

வாங்க தோழர்களே, வேலையை ஆரம்பிப்போம்.

— தகவல் தொழில்நுட்ப அணி, இராமநாதபுரம் மாவட்டம்
#தடைக்காலம்_படிப்புக்காலம்