பட்டறை வெங்காயத்தை விற்பதா, வைப்பதா?

பெரம்பலூர் மாவட்டத்தில் வெங்காயம் பயிரிடும் குடும்பங்களில் ஆண்டுதோறும் ஒரு கேள்வி எழுகிறது.

"இப்போதே விற்றுவிடலாமா? இன்னும் கொஞ்ச நாள் பட்டறையில் வைத்திருக்கலாமா?"

இது சின்னக் கேள்வி அல்ல. மகளின் கல்யாணம் அதில் இருக்கிறது. மகனின் படிப்பு அதில் இருக்கிறது. கூட்டுறவு சங்கத்துக் கடனும் அதில் இருக்கிறது.

இதற்குப் பதில் சொல்வது யார்? பல வீடுகளில் பதில் சொல்பவர் வாசலுக்கு வந்து நிற்கும் வியாபாரிதான். "இன்றைக்கு இதுதான் விலை" என்கிறார் அவர். அவர் சொல்வது மெய்யாகவும் இருக்கலாம். ஆனால் அவருக்குத் திண்டுக்கல் விலை தெரியும். திருச்சி மண்டி விலை தெரியும். சென்னை கோயம்பேடு விலையும் தெரியும். விவசாயிக்குத் தெரிந்ததோ அவர் வாயால் சொன்ன விலை ஒன்றுதான்.

தெரிந்தவரும் தெரியாதவரும் பேரம் பேசினால் ஜெயிப்பது யார்? சொல்லவும் வேண்டுமா!

பக்கத்து ஊர்ப் பாடம்

பெரம்பலூரும் அரியலூரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். இரண்டும் முன்பு திருச்சி மாவட்டத்தில் இருந்தவை. 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டம் ஆயிற்று. அரியலூர் 2001-ல் பிரிந்தது. 2002-ல் மறுபடியும் சேர்ந்தது. 2007-ல் மீண்டும் தனி மாவட்டம் ஆயிற்று.

பெரம்பலூருக்குச் சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி. அரியலூருக்குச் சுண்ணாம்புக்கல். அந்தக் கல்லை நம்பி அரியலூர்ப் பக்கம் பல சிமெண்டு ஆலைகள் எழுந்தன. அரசாங்கத்தின் ஆலை அங்கே 1979-ல் தொடங்கியது. தனியார் ஆலைகளும் உண்டு.

ஒரு சிமெண்டு ஆலை எப்படி முடிவு எடுக்கிறது என்று பார்க்க வேண்டும்.

குழி தோண்டுவதற்கு முன்பே துளை போட்டு, எந்த இடத்தில் எந்தத் தரமான கல் இருக்கிறது என்று சோதித்துக் கணக்கு எழுதி வைக்கிறார்கள். அரைத்த கல்லை ஆய்வுக்கூடத்தில் பார்க்கிறார்கள். சூளையின் சூடு சுமார் 1,450 டிகிரி சென்டிகிரேடு. அது கூடுகிறதா குறைகிறதா என்பது ஓர் அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு நொடிக்கு நொடி தெரிகிறது. வாசலில் எடைமேடை இருக்கிறது. எந்த லாரி, எத்தனை மூட்டை, எந்த ஊருக்கு என்பதெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறுகிறது.

மாதக் கடைசியில் மேலாளர் அந்தக் கணக்கைப் பார்க்கிறார். எந்த ஊரில் சிமெண்டுக்குக் கிராக்கி, எங்கே தேக்கம், எவ்வளவு நிலக்கரி வாங்க வேண்டும், சூளையை எப்போது நிறுத்திப் பழுது பார்க்கலாம் என்று முடிவு செய்கிறார். ஜோசியம் பார்த்து அல்ல, கணக்கைப் பார்த்து!

இதற்குப் பெயர்தான் தகவல் ஏற்பாடு. தேவையான செய்தியைத் திரட்டுவது. ஒழுங்காக எழுதி வைப்பது. முடிவு செய்ய வேண்டியவர் கையில், முடிவு செய்ய வேண்டிய நேரத்தில் கொடுப்பது. இவ்வளவுதான் விஷயம். கம்ப்யூட்டர் அதற்கு ஒரு கருவி.

சிமெண்டு ஆலை ஒரு தொழில் என்றால், வெங்காயக் காடும் ஒரு தொழில்தான். அதற்கும் முதல் உண்டு, கூலி உண்டு, கடன் உண்டு, நஷ்டம் உண்டு. ஆலைக்கு இருக்கும் ஏற்பாடு காட்டுக்கு மட்டும் வேண்டாமா?

மீன்காரர்களுக்குக் கிடைத்த டெலிபோன்

தகவல் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு, பக்கத்துக் கேரளத்தில் ஒரு நல்ல சாட்சி இருக்கிறது.

1997-ஆம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி. வடகரைக் கடற்கரையில் 11 மீனவர்கள் மத்தி மீனை விற்க முடியாமல் வீணாக்கினார்கள். வாங்க ஆள் இல்லை. அதே காலையில், 15 கிலோ மீட்டருக்குள் இருக்கும் சோம்பால், கொயிலாண்டி கரைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு நின்றார்கள்!

இங்கே மீன் அழுகியது. அங்கே பணம் காத்திருந்தது. இடையில் இல்லாதது ஒரு சொல் மட்டுமே.

அந்த ஆண்டிலிருந்து வட கேரளக் கடற்கரையில் செல்போன் வந்தது. படகில் இருந்தபடியே மீனவர்கள் விலை கேட்டார்கள். எந்தக் கரையில் கிராக்கியோ அங்கே படகைத் திருப்பினார்கள். இதை ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார ஆராய்ச்சியாளர் வாரந்தோறும் கணக்கெடுத்து, 2007-ல் வெளியிட்டார். முன்பு பிடித்த மீனில் நூற்றுக்கு 5 முதல் 8 பங்கு வரை வீணாயிற்று. செல்போன் வந்த பிறகு வீணாவது ஏறக்குறைய நின்றது. மீனவருக்கு லாபம் நூற்றுக்கு 8 கூடியது. வாங்குபவருக்கு விலை நூற்றுக்கு 4 குறைந்தது.

விற்றவருக்கும் லாபம். வாங்கியவருக்கும் லாபம். யாருடைய பையிலிருந்தும் பிடுங்காமல் கிடைத்த லாபம் அது.

வெங்காயத்துக்கு என்ன வழி?

தமிழ்நாட்டு விவசாயிக்கும் இன்று விலை தெரிந்துகொள்ள வழிகள் உண்டு.

ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் மறைமுக ஏலம் நடக்கிறது. பெரம்பலூரில் பருத்தி இப்படித்தான் விற்கப்படுகிறது. ஒவ்வொரு வியாபாரியும் தம் விலையை மற்றவருக்குத் தெரியாமல் எழுதிப் போடுகிறார். உயர்ந்த விலை எழுதியவருக்குச் சரக்கு. 2016 ஏப்ரல் 14-ல் மத்திய அரசாங்கம் 'இ-நாம்' என்ற மின்னணு தேசிய சந்தையைத் தொடங்கியது. 2018 ஏப்ரலில் தமிழக அரசாங்கம் 'உழவன்' செயலியைத் தந்தது. அதில் சந்தை விலையைச் செல்போனிலேயே பார்க்கலாம். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம், பழைய ஆண்டுகளின் சந்தை விலைகளை ஆராய்ந்து, அறுவடைக் காலத்தில் சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி ஆகியவற்றின் விலை எவ்வளவு இருக்கும் என்று முன்கூட்டியே அறிவித்து வருகிறது.

இந்தச் செய்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு கணக்குப் போட வேண்டும்.

உதாரணமாக, பட்டறையில் 1,000 கிலோ வெங்காயம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இன்றைய விலை கிலோ 30 ரூபாய். இன்றே விற்றால் 30,000 ரூபாய்.

இரண்டு மாதம் வைத்திருந்தால் காய்ந்தும் அழுகியும் 200 கிலோ போய்விடுகிறது என்று வைப்போம். மிச்சம் 800 கிலோ. அந்த 30,000 ரூபாயைக் கொண்டு அடைத்திருக்கக்கூடிய கடனுக்கு, நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றால், இரண்டு மாத வட்டி 600 ரூபாய். ஆகவே அந்த 800 கிலோவிலிருந்து 30,600 ரூபாய் வந்தால்தான் அசலுக்கு அசல். அதாவது கிலோ 38 ரூபாய் 25 காசுக்கு விற்க வேண்டும்.

விலை 35 முதல் 40 ரூபாய் வரை இருக்கும் என்று அறிவிப்பு வருகிறது. "30 எங்கே, 40 எங்கே! வைத்திருப்போம்" என்று மனம் சொல்லும். கணக்கு வேறு சொல்கிறது. 40-க்கு விற்றால் லாபம் 1,400 ரூபாய். 35-க்கு விற்றால் நஷ்டம் 2,600 ரூபாய். இந்த இடத்தில் வைத்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல. பாதியையாவது உடனே விற்பது நல்லது.

அறிவிப்பு என்பது வேத வாக்கும் அல்ல. மழை எப்போது கொட்டும் என்று அதற்குத் தெரியாது. அரசாங்க உத்தரவும் தெரியாது. 2019 செப்டம்பர் 29-ல் மத்திய அரசாங்கம் வெங்காய ஏற்றுமதியை ஒரே நாளில் தடை செய்தது. 2020-லும் 2023-லும் மறுபடியும் தடை வந்தது. சின்ன வெங்காயமோ இலங்கைக்கும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிற சரக்கு. அப்படிப்பட்ட நாளில் நேற்றைய கணக்கு இன்றைக்கு உதவாது. தகவல் கைவிளக்கு மாதிரி. வழியைக் காட்டும், நடக்க வேண்டியது கால்தான்.

விலை மட்டும் போதாது

இங்கேதான் முக்கியமான விஷயம் வருகிறது.

மீன் பிடித்த அன்றே விற்கிற சரக்கு. அதற்கு அன்றைய விலை தெரிந்தால் போதும். வெங்காயம் அப்படி அல்ல. நட்டு, களை எடுத்து, பிடுங்குவதற்குச் சுமார் 70 நாள் ஆகும். நடுகிற நாளில் தெரிகிற விலை, விற்கிற நாளில் இருக்கப் போகிற விலை அல்ல.

இந்த ஆண்டு விலை ஏறுகிறது. செட்டிக்குளத்துக்காரர் பார்க்கிறார். பாடாலூர்க்காரர் பார்க்கிறார். இரூர்க்காரரும் பார்க்கிறார். எல்லோருக்கும் ஒரே செய்தி. எல்லோருக்கும் ஒரே யோசனை. விதை வெங்காயத்துக்குப் போட்டி. ஏக்கருக்கு 500, 600 கிலோ விதைக்காய் வேண்டும். விலை ஏறின காலத்தில் விதைக்காயும் நெருப்பு விலை. கடன் வாங்கி நடுகிறார்கள். 70 நாள் கழித்து எல்லோர் காட்டிலும் ஒரே நேரத்தில் வெங்காயம்! விலை கவிழ்கிறது. அடுத்த ஆண்டு பயந்துபோய் யாரும் நடுவதில்லை. மறுபடியும் விலை ஏறுகிறது. அப்போது அழுவது சமையல் அறை.

ஆகவே நடுகிற விவசாயிக்கு விலைச் செய்தி பாதிச் செய்திதான். மற்றப் பாதி, "இந்தப் பருவத்தில் எத்தனை ஏக்கர் நட்டிருக்கிறார்கள்?" என்பது. நேற்றைய விலை நேற்றைச் சொல்லும். இன்றைய நடவுப் பரப்புதான் நாளையைச் சொல்லும்.

அடங்கலில் தூங்கும் செய்தி

அந்தக் கணக்கு இல்லாமலா இருக்கிறது? இருக்கிறது!

ஒவ்வொரு கிராமத்திலும் கிராம நிர்வாக அலுவலர் வைத்திருக்கும் கிராமக் கணக்கு எண் 2, அடங்கல். எந்த சர்வே எண்ணில் யார் என்ன பயிர் செய்திருக்கிறார் என்று அதில் இருக்கும். தாத்தா காலத்திலிருந்து எழுதி வரும் கணக்கு அது. 2024-ல் வேளாண் கல்லூரி மாணவர்களைக் காடு காடாக அனுப்பி, செல்போன் மூலமே பயிர்க் கணக்கு எடுத்தார்கள். மாநிலம் முழுவதற்கும் பருவம், பயிர் பற்றிய அறிக்கையும் ஆண்டுதோறும் தயாராகிறது.

ஆனால் பருவம் முடிந்து புத்தகமாக வருகிற கணக்கு சரித்திரம். அது ஆராய்ச்சிக்கு உதவும், நடவுக்கு உதவாது. கல்யாணம் முடிந்த பிறகு கிடைக்கிற பத்திரிகையால் என்ன பயன்?

நடவு நடக்கும்போதே, வாரம் ஒரு முறை, தாலுகாவாரியாக ஒரே ஒரு எண் வெளிவர வேண்டும். "ஆலத்தூர் தாலுகாவில் இதுவரை இத்தனை ஏக்கர் சின்ன வெங்காயம்; சென்ற ஆண்டு இதே வாரத்தில் இத்தனை ஏக்கர்." அவ்வளவு போதும். அது ஊராட்சி அலுவலகத்துப் பலகையில் எழுதப்பட வேண்டும். வேளாண் விரிவாக்க மையத்தில் ஒட்டப்பட வேண்டும். உழவன் செயலியில் விலைக்குப் பக்கத்திலேயே வர வேண்டும். சென்ற ஆண்டைவிட நடவு இரண்டு மடங்கு என்று தெரிந்தால், சிலராவது மக்காச்சோளத்துக்கோ பருத்திக்கோ மாறுவார்கள். மாறியவரும் பிழைப்பார், மாறாதவரும் பிழைப்பார்.

யாருடைய பெயரும் வெளியிட வேண்டியதில்லை. மொத்தத்தை மட்டும் சொன்னால் போதும். புதுச் சட்டம் வேண்டாம். புதுக் கட்டடமும் வேண்டாம். இருக்கிற கணக்கை நேரத்தில் வெளியே கொண்டு வந்தால் அதுவே பெரிய உதவி.

வீட்டு நோட்டு

அரசாங்கம் செய்கிற வரையில் குடும்பங்கள் சும்மா இருக்க வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.

நட்ட தேதி, விதைக்காய் வாங்கிய விலை, கூலி, உரம், பிடுங்கிய மூட்டை, பட்டறையில் போட்ட எடை, எடுத்த எடை, விற்ற விலை ஆகியவற்றை அதில் எழுத வேண்டும். பட்டறையில் எவ்வளவு கழிந்தது என்பது மூன்று ஆண்டு எழுதினால் தெளிவாகத் தெரிந்துவிடும். மேலே போட்ட கணக்குக்கு அந்த எண்தான் உயிர். அதை எந்தச் செயலியும் சொல்லாது. அந்த வீட்டு நோட்டுதான் சொல்லும்.

இன்னொரு பக்கத்தில், வாரம் ஒரு நாள், மூன்று சந்தைகளின் விலையை எழுதலாம். விதைக்காய்க்கு எவ்வளவு கிராக்கி என்பதையும் எழுதலாம். விதைக்காயைத் தேடி ஆட்கள் அலைந்தால், நடவு பெருகுகிறது என்று அர்த்தம். அது இலவசமாகக் கிடைக்கிற எச்சரிக்கை!

எழுதுவது யார்? பள்ளிக்கூடம் போகிற பிள்ளை எழுதலாம். முதியோர் வகுப்பில் எழுத்துக் கற்ற தாயார் எழுதலாம். கையெழுத்துப் போடுவதற்கு மட்டுமா எழுத்து? குடும்பத்தின் காசைக் காப்பாற்றுவதற்கும் அதுவே ஆயுதம்.

அரியலூர் ஆலை மேலாளர் கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் சூளையை மூட்டுகிறார். பெரம்பலூர் விவசாயியும் கணக்கைப் பார்த்துவிட்டு நடுகிற நாள் வர வேண்டும். அதற்கு வேண்டிய எண்கள் அடங்கலில் இருக்கின்றன. பலகையில் எழுத வேண்டியதுதான் பாக்கி.