கணிப்பொறிப் பக்கம்: படிவம் யார் கைக்குப் போகிறது?



பூலாம்பாடியிலிருந்து ஒரு சகோதரி எழுதிய மடல் இம்மாதம் என் மேசைமீது இருக்கிறது. அவருடைய மகன் பொறியியல் படித்துவிட்டுச் சென்னையில் ஜாவா என்னும் கணிப்பொறி மொழியில் வேலை செய்கிறார். என்ன வேலை என்று தாயார் கேட்டதற்கு, "இணையப் படிவத்தில் ஒருவர் பொத்தானை அழுத்தினால் அது எந்த மெத்தடுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று எழுதுகிறேன், அம்மா" என்றாராம். சகோதரிக்கு மனம் ஆறவில்லை. "தபாலைப் பிரித்துப் போடும் வேலைக்கா நகையை அடகு வைத்துப் படிக்க வைத்தோம்? மலேசியாவில் இருக்கும் அவனுடைய அத்தா, விசா எடுத்து அனுப்புகிறேன், கடைக்கே வந்துவிடட்டும் என்கிறார். நான் என்ன பதில் சொல்வது?" என்று கேட்டிருக்கிறார்.

சகோதரியே, தங்கள் மகன் சொன்னது உண்மை. அது தபால் பிரிக்கும் வேலைதான். ஆனால் அத்தபாலில் இருப்பது என்ன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நம் ஜமாஅத் அலுவலகத்தை எண்ணிப் பாருங்கள். வாசலில் ஒருவர் அமர்ந்திருக்கிறார். நிக்காஹ் விண்ணப்பம் வந்தால் இமாமிடம் அனுப்புகிறார். மௌத்துச் செய்தி வந்தால் மோதினாரிடமும், சந்தாப் பணம் வந்தால் பொருளாளரிடமும் அனுப்புகிறார். அவர் தாமாக நிக்காஹ் எழுதுவதில்லை, பணத்தையும் எண்ணுவதில்லை. ஆயினும் அவர் கை தவறினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இணையத்திலும் இதே ஏற்பாடுதான். நாம் படிவத்தை நிரப்பிப் பொத்தானை அழுத்தியதும் மூன்று செய்திகள் புறப்படுகின்றன. எந்த முகவரிக்கு என்பது ஒன்று. எவ்வகைக் கோரிக்கை என்பது மற்றொன்று. நாம் நிரப்பிய கட்டங்களின் பெயர்களும் விவரங்களும் மூன்றாவது. மறுமுனையில் ஜாவா மொழியில் எழுதிய நிரல் காத்திருக்கிறது. அந்நிரலுக்குள் தனித்தனிப் பெயருடைய சிறு பகுதிகள் உண்டு. அவற்றையே மெத்தட் என்கிறார்கள். ஒன்று பதிவு செய்யும், ஒன்று திருத்தும், ஒன்று அழிக்கும். வந்த கோரிக்கை இவற்றுள் எதனிடம் போக வேண்டும் என்று தீர்மானிப்பதே வாயிற்காப்போனின் பணி.

தொடக்கத்தில் இதற்கு ஒழுங்கான முறை இருக்கவில்லை. "இன்னது வந்தால் இங்கே போ, இல்லையேல் அங்கே போ" என்று ஒரே நிரலில் ஏணிப்படிகளைப்போல் அடுக்கி எழுதினார்கள். படிகள் பெருகப் பெருக எழுதியவருக்கே வழி தெரியாமற் போயிற்று. இத்தொல்லை தீர, கிரெய்க் மெக்கிளானகன் என்பவர் 'ஸ்ட்ரட்ஸ்' என்னும் சட்டகத்தை உருவாக்கி, 2000ஆம் ஆண்டு மே மாதம் அப்பாச்சி அமைப்பிடம் ஒப்படைத்தார். எந்த முகவரிக்கு யார் பொறுப்பு என்பதைத் தனிக் கோப்பில் பட்டியலாக எழுதி வைப்பது அதன் முறை. பின்னர் 'ஸ்பிரிங்' என்னும் சட்டகம் வந்தது. அதன் முதற்பதிப்பு 2004இல் வெளியாயிற்று. 2007இல் வந்த 2.5 பதிப்பு முதல், தனிப்பட்டியல் இல்லாமலே ஒவ்வொரு மெத்தடின் தலைமேலும் அதன் முகவரியைச் சீட்டாக ஒட்டி வைக்கலாம். தங்கள் மகன் நாள்தோறும் எழுதுவது பெரும்பாலும் இச்சீட்டுகளாகவே இருக்கும். ஸ்பிரிங்கின் வாயிற்காப்போனுக்கு 'டிஸ்பாட்சர் சர்வ்லெட்' என்று பெயர். ஒரே முகவரிக்கு, ஒரே வகைக் கோரிக்கைக்கு இரண்டு மெத்தடுகள் உரிமை கொண்டாடினால் அது கடையைத் திறக்கவே மறுத்துவிடும். இரண்டு முத்தவல்லிகள் உள்ள சில ஊர்களுக்கு இந்த அறிவு வாய்க்கவில்லையே என்று நான் பெருமூச்சு விட்டதுண்டு!

கோரிக்கையின் வகை என்றேன். அதில்தான் விஷயம் இருக்கிறது. படிவங்கள் 'கெட்', 'போஸ்ட்' என்னும் இரண்டு வகையில் பயணம் செய்கின்றன. கெட் என்பது பார்ப்பதற்கு மட்டுமே. போஸ்ட் என்பது ஒன்றை மாற்றுவதற்கு. கெட் வழியாக அனுப்பினால் நாம் நிரப்பியவை முகவரி வரியிலேயே வெளிப்படையாக நிற்கும். கடவுச்சீட்டு எண்ணை அவ்வழியே அனுப்பச் செய்பவர், பிறர் காண அதைத் திண்ணையில் வைத்தவராவார்.

2005ஆம் ஆண்டு மே மாதம் கூகுள் நிறுவனம் 'வெப் ஆக்சிலரேட்டர்' என்ற ஒரு கருவியை வெளியிட்டது. வாசகர் அடுத்து எந்த இணைப்பைத் தொடுவார் என்று ஊகித்து, அவர் தொடுமுன்பே அதைத் திறந்து கொண்டுவருவது அதன் வேலை. கெட் என்றால் பார்ப்பது மட்டுமே என்று அக்கருவி நம்பியது. ஆனால் சில தளங்களில் 'அழி' என்ற கட்டளையையே கெட் இணைப்பாக எழுதி வைத்திருந்தார்கள். கருவி அவற்றையும் தொட்டது. மக்கள் சேமித்து வைத்திருந்தவை, யாரும் அழிக்கச் சொல்லாமலே அழிந்தன. அழிக்கும் மெத்தடின் தலையில் தவறான சீட்டை ஒட்டியது மட்டுமே அங்கு நடந்த பிழை.

எனக்கும் ஓர் அனுபவம் உண்டு. ஒரு கட்டணத்தை இணையத்தில் செலுத்திய பின் திரை அசையாமல் நின்றது. புதுப்பிக்கும் பொத்தானை அழுத்தினேன். பணம் இருமுறை போயிற்று. திரும்பப் பெற இரண்டு மாதம் அலைந்தேன். போஸ்ட் கோரிக்கையை முடித்ததும் பயனரைப் புதிய முகவரிக்குத் திருப்பி அனுப்பிவிட வேண்டும், புதுப்பித்தாலும் பழைய கோரிக்கை மீண்டும் போகாதிருக்கும் என்பது இத்துறையில் பாலபாடம். யாரோ ஒரு பிள்ளை அந்த ஒரு வரியை எழுத மறந்திருந்தது.

இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. ஒரே படிவத்தில் 'சேமி', 'ரத்துசெய்' என இரு பொத்தான்கள் இருந்தால், எதை அழுத்தினார் என்று பார்த்து மெத்தடைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்பிரிங்கில் பொத்தானின் பெயரைச் சீட்டிலேயே குறித்துவிடலாம். பிற்காலத்து ஸ்ட்ரட்ஸ் 2இலோ வேறொரு வசதியும் இருந்தது. எந்த மெத்தட் வேண்டும் என்பதை, முகவரியில் ஒரு வியப்புக்குறி இட்டு வந்தவரே சொல்லிவிடலாம். வாசலில் நிற்பவர் "நான் பெட்டகச் சாவிக்காரரைப் பார்க்க வேண்டும்" என்றால் உடனே உள்ளே விடுவதற்கு ஒப்பானது இது. 2016 ஏப்ரலில் அவ்வசதியில் ஒரு கடும் ஓட்டை வெளிப்பட்டது. அது இயக்கத்தில் இருந்த கணிப்பொறிகளில் அந்நியர் தம் கட்டளைகளை ஓட்ட முடிந்தது.

மறு ஆண்டு அதே ஸ்ட்ரட்ஸின் வேறொரு பகுதியில், கோப்புகளை ஏற்கும் இடத்தில், இன்னோர் ஓட்டை. 2017 மார்ச்சில் அதை அடைக்கும் திருத்தத்தை அப்பாச்சி வெளியிட்டது. அமெரிக்காவின் எக்விஃபாக்ஸ் என்னும் கடன்தகுதி நிறுவனம் அத்திருத்தத்தைத் தன் தளமொன்றில் பொருத்தத் தவறியது. மே முதல் ஜூலை வரை திருடர்கள் உள்ளே இருந்தார்கள். சுமார் 14.7 கோடி மக்களின் பெயர், பிறந்த நாள், அடையாள எண் முதலியவை களவுபோயின. ஸ்பிரிங் மட்டும் குற்றமற்றது என்று எண்ண வேண்டாம். படிவத்தின் கட்டங்களை நிரலுக்குள் பொருத்தும் இடத்தில் அதற்கும் 2022 மார்ச்சில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது.

பெரம்பலூர் மாவட்டத்தில் லெப்பைக்குடிக்காடாயினும் வி.களத்தூராயினும் பூலாம்பாடியாயினும், கடவுச்சீட்டுப் படிவம் நிரப்பாத வீடு அரிது. முன்பெல்லாம் திருச்சி அலுவலக வாசலில் காகிதத்தோடு நின்றோம். இன்று ஹஜ் விண்ணப்பம் முதல் பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை வரை திரையில்தான் நிரப்புகிறோம். நம்முடைய எண்களும் பணமும் யாரோ ஒரு தாயின் பிள்ளை எழுதிய வரியை நம்பியே போகின்றன. நம் சமுதாயம் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறது: அமானிதம். 9ஆம் நூற்றாண்டில் பக்தாதின் பைத்துல் ஹிக்மாவில் பணியாற்றிய அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்தே 'அல்காரிதம்' என்ற சொல் பிறந்தது என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். வீட்டுப் பிள்ளை அதே துறையில் அமர்ந்தால் மட்டும் தபால்காரன் என்கிறோம்!

கடைத்தொழில் இழிந்தது என்று நான் சொல்லவில்லை. மலேசியாவில் நம்மவர் கடைகள் எத்தனையோ குடும்பங்களைக் கரையேற்றியிருக்கின்றன. தங்கள் மகன் இவ்வேலையை ஏனோதானோ என்று செய்பவராயின் கடைக்கே போகட்டும். அதை அறிய எளிய வழி ஒன்றிருக்கிறது. இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அவர் தொலைபேசியில் பேசும்போது, "நீ எழுதும் படிவத்தில் அழிக்கும் பொத்தான் கெட்டில் போகிறதா, போஸ்ட்டில் போகிறதா?" என்று கேளுங்கள். முதலில் திகைப்பார். பிறகு சிரித்துக்கொண்டே "போஸ்ட்தான், அம்மா, அதற்கு முன் ஒருமுறை உறுதியும் கேட்கும்" என்று சொன்னால், விசாவை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று அவருடைய அத்தாவுக்குச் சொல்லிவிடுங்கள்.