வருத்தம் தெரிஞ்ச கார்

பாவிச்ச கார் வாங்கப்போறன் எண்டு பாரிசில எங்கட ஆக்களிட்டை வாய் திறந்தால் ரெண்டு பதில்தான் வரும். "ரொயோற்றா எடும், கண்ணை மூடிக்கொண்டு ஓடலாம்" எண்டுறது ஒண்டு. "எனக்குத் தெரிஞ்ச பொடியன் ஒருத்தன் வச்சிருக்கிறான், நல்ல கார், கதைச்சு விடட்டோ?" எண்டுறது மற்றது. ரெண்டும் அன்பில சொல்லுறதுதான். ஆனால் முதலாவதுக்கு எங்களிட்டைக் காசு காணாது. ரெண்டாவதுக்கு அந்தப் பொடியனிட்டைக் கடுதாசி இருக்காது.

என்ர கட்சி வேற. கைக்காசை எண்ணிச் செலவழிக்கிற ஆக்கள், என்ன வருத்தம் எண்டு ஊருலகத்துக்கே தெரிஞ்ச காரைத்தான், பில்லுகளோட சேத்து வாங்கவேணும். சொல்லிப்போட்டன், இனிப் பேசுறவை பேசுங்கோ.

நான் ரெண்டு வருசமா ஓடுறது பெஜோ 208. 2016ஆம் ஆண்டுக் கார், 1.2 லீற்றர், மூண்டு சிலிண்டர், 82 குதிரைவலு. ஓம், பியூர்ரெக் எஞ்சின்தான். அந்தப் பேரைக் கேட்டால் பிரான்சில கார் தெரிஞ்ச எவனும் தலையில கை வைப்பான். எனக்குக் கார் பாக்கிற மெக்கானிக்கும் வாங்க முன்னம், "வேற ஒண்டும் கிடைக்கேல்லையோ?" எண்டு கேட்டவர். கிடைச்சது. வேணுமெண்டுதான் இதை எடுத்தனான்.

விசயம் தெரியாத ஆக்களுக்குக் கொஞ்சம் விளக்கமாச் சொல்லுறன். எஞ்சினில வால்வுகள் நேரத்துக்குத் திறந்து மூட ஒரு பெல்ற்றோ செயினோ வேணும். பெல்ற் எண்டால் வழமையா வெளியில, காய்ஞ்ச இடத்தில ஓடும். அதில ஒயில் படக்கூடாது எண்டு பழைய மெக்கானிக்மார் கத்துவினம். இந்த எஞ்சினில அதை உள்ளுக்க விட்டு, ஒயிலில நனைய வச்சே ஓட்டுகினம். உராய்வு குறையும், சத்தம் குறையும், பெற்றோல் மிச்சம் எண்டுறது அவையின்ர கணக்கு. பெற்றோல் குடிக்கிறது குறைவுதான், அதில பொய்யில்லை. இதின்ர ரேர்போ வகை 2015 தொடக்கம் 2018 வரை நாலு வருசம் தொடர்ந்து தன்ர வகுப்பில சர்வதேசப் பரிசு வாங்கினது. போர்ட் காரன்ர 1 லீற்றர் ஈகோபூஸ்ற் 2012, 2013, 2014 மூண்டு வருசமும் எல்லா வகுப்புக்குமான பெரிய பரிசையே வாங்கினது. அதுக்குள்ளயும் ஒயிலில நனையிற பெல்ற், அதுக்கும் இதே வருத்தம். பரிசு குடுக்கிற நடுவர்மார் புது எஞ்சினைத்தான் பாக்கினம். பத்து வருசம் கழிச்சு அதை வாங்குறது நாங்கள்.

வருத்தம் வாற விதம் இதுதான். குளிர்ந்த எஞ்சினை ஸ்ராட் பண்ணேக்குள்ள பெற்றோல் கூடுதலா அடிக்கும். அதில கொஞ்சம் எரியாமல் சிலிண்டர் சுவரால வடிஞ்சு ஒயிலோட கலக்கும். நெடுந்தூரம் ஓடினால் சூட்டில ஆவியாப் போயிடும். பத்து நிமிசம் ஓடி நிப்பாட்டினால் போகாது. பெற்றோல் கலந்த ஒயிலில ஊறின பெல்ற் வீங்கும், வெடிக்கும், பிறகு தும்பு தும்பா உதிரும். அந்தத் தும்பு ஒயில் பம்புக்கு முன்னால இருக்கிற வடியை அடைக்கும். ஒயில் அழுத்தம் விழும். பிறேக்குக்குத் துணை செய்யிற வெற்றிடப் பம்பையும் அது பழுதாக்கும், பிறேக் மிதி கல்லு மாதிரி இறுகும். பின் சீற்றில பிள்ளையளை வச்சுக்கொண்டு போறவைக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இப்ப எங்கட சீவியத்தைப் பாருங்கோ. எனக்குத் துப்புரவு வேலை, காலமை 5 மணிக்குத் தொடக்கம். பாரிசில முதல் மெற்றோ வெளிக்கிடுறதே 5.30 அளவில. கார் இல்லாட்டி வேலை இல்லை. வீட்டிலயிருந்து வேலைக்கு 7 கிலோமீற்றர். மார்கழிக் குளிரில ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேற முன்னம் நிப்பாட்டி, மூண்டு மணித்தியாலத்தில திரும்ப ஸ்ராட் பண்ணி அடுத்த இடத்துக்குப் போறது. இந்தப் பெல்ற்றைக் கெடுக்கவெண்டே ஒருத்தன் யோசிச்சு ஒரு சீவியத்தை உண்டாக்கியிருந்தால், அது எங்கட சீவியமாத்தான் இருக்கும்.

பிறகேன் வாங்கினாய் எண்டு கேப்பியள்.

எங்கட பெரியப்பா யாழ்ப்பாணத்தில ஹயர் ஓடினவர். ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ். 1990இல சண்டை திரும்பத் தொடங்கி, பெற்றோல் வாறது நிண்டபிறகு மண்ணெண்ணெயிலதான் ஓட்டம். சேலைன் போத்தலால ரெண்டு சொட்டுப் பெற்றோலைக் காபறேற்றருக்கு விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. அந்தப் புகை மணம் எங்கட வயசுக்காரருக்கு இப்பவும் மூக்கில நிக்கும். மண்ணெண்ணெய் சரியா எரியாமல் கீழ இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும். பெரியப்பா விடிய எழும்பி முதல் வேலையா டிப்ஸ்ரிக்கை இழுத்து, துடைச்சு, திரும்ப விட்டு இழுத்து, விரலில தேச்சு மணந்து பாப்பார். ஒயில் குறைஞ்சால்தான் வருத்தம் எண்டு ஆக்கள் நினைக்கிறது. கூடினாலும் வருத்தம் எண்டதை அவரிட்டைத்தான் பாத்தன். மட்டம் ஏறியிருந்தால் உள்ளுக்க மண்ணெண்ணெய் நிக்குது. அதை நல்ல கார் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. ஆனால் அதுக்கு என்ன வருத்தம், என்ன மருந்து எண்டு சந்தியில நிக்கிற பொடியனுக்கும் தெரியும். அதால ஓடினது.

முப்பத்தைஞ்சு வருசம் கழிச்சு, கொம்பியூட்டர் பூட்டின காரில நான் செய்யிறதும் அதேதான். ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் ஆறினபிறகு டிப்ஸ்ரிக்கை இழுத்து மணந்து பாக்கிறன். மட்டம் ஏறி, பெற்றோல் மணந்தால் ஒயில் மாத்துற காலம் வந்திட்டுது. மகள் சிரிக்கிறா. சிரிக்கட்டும்.

காசுக்கு வருவம். 2024இல நான் தேடேக்குள்ள இதே வயசு, இதே ஓட்டம் உள்ள யாரிஸ் 8,000 யூரோவுக்குக் கீழ எனக்குக் கிடைக்கேல்லை. இந்தக் கார் 5,300. வித்தது வேலையால இளைப்பாறின ஒரு பிரெஞ்சு அம்மா. 2022இல 84,000 கிலோமீற்றரில பெல்ற் மாத்தின பில், வருசா வருசம் ஒயில் மாத்தின பில், எல்லாம் ஒரு பச்சைக் கோப்பில ஒழுங்கா அடுக்கி வச்சிருந்தவ. இந்த எஞ்சின் வந்த காலத்தில பெல்ற் பத்து வருசம் நிக்கும் எண்டு சொன்ன கொம்பனி, பிறகு அதை 6 வருசம் அல்லது ஒரு லட்சம் கிலோமீற்றர் எண்டு குறைச்சது. ஆக என்ர அடுத்த பெல்ற் 2028இல. கராச்சில கேட்ட விலை 900 யூரோ. அதுக்கெண்டு மாசம் 20 யூரோ தனியாப் போகுது. அது முடிய ஒரு 1,000 யூரோ எதிர்பாராத செலவுக்கெண்டு ஒதுக்கினாலும் யாரிசின்ர விலைக்கு வரேல்லை.

சந்தை இந்தப் பேர் உள்ள எல்லாக் காரையும் ஒரே பயத்தோட பாக்குது. அந்த அம்மாவின்ர காரும், எட்டு வருசமா ஒயில் மாத்தாதவன்ர காரும் கிட்டத்தட்ட ஒரே விலைதான் போகுது. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பச்சைக் கோப்பு. அதை நான் சும்மா வாங்கினன் எண்டுதான் சொல்லவேணும்.

இங்கதான் எங்கட ஆக்களோட எனக்குச் சண்டை. காரைத் திருத்துறதெண்டால் ஞாயிற்றுக்கிழமை ஆரோ ஒரு பொடியனிட்டை, காசைக் கையில வச்சால் காணும். பில் இல்லை, வரி இல்லை, மலிவு. வேலை கூடாது எண்டு நான் சொல்லேல்லை, சிலர் நல்ல கெட்டிக்காரர். ஆனால் 2024 பங்குனியில ஸ்ரெலான்ரிஸ் இந்த எஞ்சின்களின்ர பெல்ற்றுக்கும் கூடுதலா ஒயில் குடிக்கிற பிரச்சினைக்கும் 10 வருசம் அல்லது 175,000 கிலோமீற்றர் வரை பொறுப்பை நீட்டிச்சுது. 2022இல இருந்து அதுவரைக்கும் கைக்காசு போட்டுத் திருத்தின ஆக்களுக்குத் திருப்பிக் குடுக்க 2025 தையில ஒரு இணையத்தளமும் திறந்தவை. ரெண்டுக்கும் கேட்டது கடுதாசி. ஒழுங்கா சேர்விஸ் செய்ததுக்கு அத்தாட்சி. கொம்பனி கராச்சிலதான் செய்யவேணும் எண்டில்லை, ஐரோப்பிய விதிப்படி வெளிக் கராச்சிலயும் செய்யலாம். ஆனால் பில் வேணும். கையில காசு குடுத்து 40 யூரோ மிச்சம் பிடிச்ச சனம், எஞ்சின் விலையை விட்டுக்குடுத்தது.

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர், ரெஸ்ரோறன்ற் குசினியில வேலை. சீட்டு எடுத்து 4,500 யூரோவைக் காசாய்க் குடுத்து எங்கட ஆள் ஒருத்தரிட்டை ஒரு சின்னக் கார் வாங்கினவர். எந்தக் கொம்பனி எண்டது இங்க தேவையில்லை. சேர்விஸ் புத்தகம் இல்லை, "நான் பிள்ளை மாதிரிப் பாத்த கார்" எண்ட சொல்லு மட்டும். ஏழாம் மாசம் சிவப்பு ஒயில் லைற் பத்தினது. வேலைக்குப் பிந்தக்கூடாது எண்டு பதினைஞ்சு நிமிசம் அப்பிடியே ஓடியிருக்கிறார். எஞ்சின் இறுகிப்போச்சு. வித்தவர் ரெலிபோன் எடுக்கேல்லை. இரவு ஒண்டரைக்குக் குசினி மூடினால் வீட்டை வர வழியில்லாமல் ரெண்டு மாசத்தில வேலையும் போச்சு. சீட்டுக் காசு இன்னும் 11 மாசம் கட்டவேண்டிக் கிடந்தது. "சிவப்பு லைற்றோட ஏன் ஓடினாய்?" எண்டு அவரைப் பேசின ஆக்கள் கன பேர். வித்தவரை ஒரு கேள்வி கேட்ட ஆள் இல்லை. அவர் திருவிழாவில இப்பவும் முன்வரிசையிலதான் நிக்கிறார்.

பிரெஞ்சுச் சட்டத்தில இதுக்கு வழி இல்லாமலில்லை. மறைஞ்ச பழுது எண்டு குடியியல் சட்டம் 1641ஆம் பிரிவில வழக்குப் போடலாம், பழுது தெரிஞ்ச நாளில இருந்து 2 வருசம் இருக்கு. ஆனால் வாங்கேக்குள்ளயே பழுது இருந்தது எண்டு நிறுவவேண்டியது வாங்கினவர். கார் வியாபாரியிட்டை வாங்கினால் முதல் 12 மாசம் அந்தப் பாரம் வியாபாரியின்ர தலையில. தனியாரிட்டைக் காசாய்க் குடுக்கலாம், அதுக்குத் தடையில்லை, ஆனால் 1,500 யூரோவுக்கு மேல எண்டால் எழுத்தில இருக்கவேணும். எங்கட ஆளிட்டை எழுத்தில கேக்கிறது மரியாதைக் குறைவு எண்டு நினைக்கிறம் பாருங்கோ, அந்த மரியாதையின்ர விலை அவருக்கு 4,500.

"கொந்துறோல் தெக்னிக் பாஸ்" எண்டு விளம்பரத்தில பெரிசாப் போடுவினம். 4 வருசத்துக்கு மேற்பட்ட காரை விக்க ஆறு மாசத்துக்குள்ள செய்த அந்தச் சோதனை கட்டாயம். ஆனால் அவை எஞ்சினைத் திறந்து பாக்கிறதில்லை, பெல்ற் வெடிச்சிருக்கோ எண்டு அதில தெரியவராது. ஹிஸ்ரோவெக் எண்ட அரசாங்கத் தளத்து அறிக்கையை வித்தவரிட்டைக் கேளுங்கோ. எத்தனை பேர் கைமாறினது, ஒவ்வொரு சோதனையிலயும் எத்தனை கிலோமீற்றர் எண்டு அதில கிடக்கு, காசும் இல்லை. அனுப்பப் பஞ்சிப்படுறவரிட்டை வாங்காதையுங்கோ.

பராமரிப்பு பெரிய வித்தையில்லை. புத்தகத்தில என்ன போட்டிருந்தாலும் வருசத்துக்கு ஒருக்கா, அல்லது 10,000 கிலோமீற்றரில ஒயில். ஒயில் போத்தலில உங்கட புத்தகத்தில உள்ள தரம் எழுதியிருக்கவேணும், என்ர காருக்கு பெஜோவின்ர பி71 2312. கடையில மலிவு விலை போட்ட ஒயிலை இதுக்குள்ள ஊத்தக்கூடாது, பெல்ற் ஒயிலுக்குள்ளயெல்லோ கிடக்கு. ஒயில் ஊத்துற மூடியைத் திறந்து அதால ஒரு அளவுக் கருவியை விட்டுப் பெல்ற் வீங்கியிருக்கோ எண்டு அளக்கலாம். அஞ்சு நிமிச வேலை, ஒயில் மாத்தேக்குள்ள கேட்டுச் செய்விக்கிறன். கிழமைக்கு ஒருக்கா நெடுஞ்சாலையில முக்கால் மணித்தியாலம் ஓட்டம், உள்ளுக்க நிக்கிற பெற்றோல் ஆவியாகட்டும் எண்டு. மனுசி அதை ஊர்சுத்துறது எண்டுறா. அதிலயும் உண்மை இருக்கு. சிவப்பு ஒயில் லைற் பத்தினால் நிக்கிற இடத்திலயே எஞ்சினை நிப்பாட்டுறது, வேலைக்குப் பிந்தினாலும் சரி.

இதை வாசிச்சுப்போட்டு எல்லா பியூர்ரெக்கையும் வாங்கச் சொல்லுறன் எண்டு எடுக்காதையுங்கோ. 110, 130 குதிரை ரேர்போ வகையில பெற்றோல் நேரே சிலிண்டருக்குள்ள அடிக்கும், ஒயிலில கலக்கிறதும் கூட. என்ர 82 அப்பிடியில்லை. போன கிழமை ஒருத்தர் ரெலிபோன் எடுத்தவர். 130 ரேர்போ, பதினொரு வருசம், பில் ஒண்டும் இல்லை, 3,000 யூரோ, எடுக்கட்டோ எண்டு. வேண்டாம் எண்டன். முந்தாநாள் ஒரு மெசேச் வந்திருக்கு, என்ன ஒயில் ஊத்துறது எண்டு கேட்டு. தரத்தை எழுதி, முதல்ல பெல்ற்றை அளந்து பாத்து பில்லும் எடும் எண்டு அனுப்பியிருக்கிறன். நீல நிறத்தில ரெண்டு சரி விழுந்திருக்கு, பதில் இல்லை.