பழைய யுத்த விமானங்கள் பறக்கலாமா?

இரண்டாவது உலக யுத்தம் முடிந்து எண்பது வருஷங்கள் கடந்துவிட்டன. அதில் விமானம் ஓட்டிய வீரர்களில் மிகச் சிலரே இன்று உயிரோடிருக்கின்றனர். ஆனால், அவர்கள் ஓட்டிய விமானங்களில் சில இன்னும் ஓய்வு பெறவில்லை. கோடைகாலம் வந்துவிட்டால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் விமானக் காட்சிகள் தொடங்கிவிடுகின்றன. ஸ்பிட்பயர், ஹரிகேன், முஸ்டாங் முதலிய பெயர் பெற்ற விமானங்கள் ஆயிரக்கணக்கான ஜனங்களின் முன்னிலையில் மீண்டும் பறக்கின்றன. அவற்றுள் ஒன்று விழுந்து உயிர்ச்சேதம் நேரும்போது, 'இந்த வேடிக்கை அவசியந்தானா?' என்ற கேள்வி பிறக்கிறது. சில வாரங்கள் பத்திரிகைகளில் வாதப் பிரதிவாதங்கள் நடைபெறுகின்றன. பிறகு அடுத்த கோடை வருகிறது, கேள்வி மறைந்துவிடுகிறது. அவ்வாறு மறக்கத்தக்க கேள்வியன்று இது என்பது நமது அபிப்பிராயம்.

இவ்விமானங்களைப் பறக்கவிடுவதால் பிரயோஜனம் ஒன்றுமில்லை என்று சொல்லுவோர் உண்மையில் ஒரு பாதியை மறைக்கிறார்கள். லங்காஸ்டர் என்ற குண்டு வீசும் விமானம் 7,377 கட்டப்பட்டது. இன்று உலகத்தில் பறக்கும் நிலையிலிருப்பவை இரண்டே இரண்டு. ஒன்று இங்கிலாந்திலும் மற்றொன்று கானடாவிலும் இருக்கின்றன. பிரிட்டனின் குண்டு வீசும் படையில் மாண்டவர்கள் 55,573 பேர். இந்தத் தொகையைப் புத்தகத்தில் படிக்கும் பையனுக்கு அது ஒரு கணக்கு. ஆனால், நான்கு இயந்திரங்கள் முழங்க அந்த விமானம் தலைக்கு மேலே செல்வதைக் கண்டு, ஏழு பேர் இதற்குள் ஒடுங்கிக்கொண்டு இரவெல்லாம் பறந்தார்கள் என்று கேட்கும்போது, அந்தக் கணக்குக்கு உயிர் வந்துவிடுகிறது. பொருட்காட்சிச் சாலையில் நிறுத்தி வைத்த விமானம் இதைச் செய்வதில்லை.

அன்றியும், ஒரு விமானம் பறக்கவேண்டுமானால் அதை அறிந்த கைகள் வேண்டும். மெர்லின் இயந்திரத்தைப் பிரித்துக் கோக்கவும், கிடைக்காத உறுப்பைப் பழைய வரைபடத்தைப் பார்த்துப் புதிதாகச் செய்யவும் வல்ல தொழிலாளிகள் இன்றும் இருப்பதற்கு, அவ்வியந்திரம் ஓடிக்கொண்டிருப்பதே காரணம். நிறுத்தி வைத்த இயந்திரத்துக்குத் துடைக்கும் துணி போதும். ஓடும் இயந்திரத்துக்கே தொழில் வேண்டும்.

இவ்விஷயம் நமக்கு அந்நியமானதென்று எண்ணவேண்டாம். யுத்தம் முடிந்ததும் பிரிட்டிஷார் கான்பூரிலிருந்த லிபரேட்டர் குண்டு விமானங்களை மறுபடி உபயோகிக்க முடியாதபடி சிதைத்துப் போட்டுவிட்டுச் சென்றனர். பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையின் தொழிலாளிகள் அந்தக் குவியலிலிருந்தே பறக்கத்தக்க விமானங்களை உண்டாக்கினார்கள். அவை 1968 வரையில் இந்திய விமானப் படையில் ஊழியம் செய்தன. அவற்றுள் ஒன்று பின்னர் கடல் கடந்து சென்று, புதுப்பிக்கப்பட்டு, அமெரிக்கப் படையின் வர்ணம் பூண்டு, அந்நாட்டுக் காட்சிகளில் பல வருஷங்கள் பறந்தது. அதைக் கண்டு கை தட்டியவர்களில் எத்தனை பேருக்கு நம் தொழிலாளிகளின் கைத்திறன் தெரிந்திருக்கும்? 1947 அக்டோபர் 27-ந் தேதி ஸ்ரீநகரில் சீக்கியப் படையினரைக் கொண்டு போய் இறக்கியவை டக்கோட்டா விமானங்கள். அவ்வினத்தைச் சேர்ந்த விமானமொன்றை, டக்கோட்டா ஓட்டிய ஓர் அதிகாரியின் குமாரரான ஸ்ரீ ராஜீவ் சந்திரசேகர் வாங்கிப் புதுப்பித்துக் கொடுக்க, 2018-ல் அது இங்கிலாந்திலிருந்து பறந்தே இந்தியா வந்து சேர்ந்தது. 'பரசுராமா' என்ற பெயருடன் அது நமது விமானப் படையில் இருக்கிறது. இதைப் பார்த்துப் பெருமை கொள்ளாத இந்தியன் எவன்?

ஆகவே, லாபம் மெய்யானது. அதற்குக் கொடுக்கும் விலை என்ன என்பதே கேள்வி.

விமானத்தின் உலோகத்துக்கும் மூப்பு உண்டு. பலமுறை அழுத்தத்துக்கு உள்ளான தகடு வெளிக்குத் தெரியாமல் விரிசல் காண்கிறது, ரப்பர் இறுகுகிறது, துரு உள்ளுக்குள் அரிக்கிறது. இவ்விமானங்களைக் கட்டிய கம்பெனிகள் பல மறைந்துவிட்டன. யுத்த காலத்து ஓட்டி அநேகமாக நாள்தோறும் பறந்து பழகியவன். இன்றைய ஓட்டியோ, எவ்வளவு தேர்ந்தவராயினும், அந்த ஒரு விமானத்தில் வருஷத்துக்குச் சில மணி நேரமே பறக்கக்கூடியவர். இவ்வளவுக்கும் மேலாக, காட்சி என்பது தாழ்வாகப் பறப்பது. உயரத்தில் பிழை நேர்ந்தால் திருத்திக்கொள்ள அவகாசம் உண்டு. தாழ்வில் அந்த அவகாசம் இல்லை.

இந்த அபாயத்தை ஏற்பவர்கள் மூவகையினர். முதலாமவர் விமான ஓட்டி. அவர் தெரிந்தே ஏறுகிறார். 2007-ல் இங்கிலாந்தில் ஷோர்ஹாம் என்ற ஊரில் நடந்த காட்சியில் ஒரு ஹரிகேன் விழுந்து அதன் ஓட்டி மாண்டார். 2024 மே 25-ந் தேதி கோனிங்ஸ்பி விமானத் தளத்தின் அருகே ஒரு ஸ்பிட்பயர் வயலில் விழுந்து ஸ்குவாட்ரன் லீடர் மார்க் லாங் உயிர் நீத்தார். இத்தகைய மரணங்களுக்காக நாம் வருந்துகிறோம். ஆனால், தம் உயிரைத் தாமே பணயம் வைக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. இரண்டாமவர் சீட்டு வாங்கிப் பார்க்க வருகிறவர். அவர் ஓரளவு தெரிந்து வருகிறார். மூன்றாமவர், தம் காரியமாகத் தெருவில் போகிறவர். அவர் காட்சியைப் பார்க்க வரவில்லை. அவரிடம் ஒருவரும் சம்மதம் கேட்கவுமில்லை. நாகரிக சமூகத்தின் சட்டங்களெல்லாம் முதலில் காக்கவேண்டியது இந்த மூன்றாமவரையே.

அதே ஷோர்ஹாமில் 2015 ஆகஸ்ட் 22-ந் தேதி நேர்ந்தது என்ன? 1950-ஆம் வருஷங்களில் கட்டப்பட்ட ஹாக்கர் ஹன்டர் என்ற ஜெட் விமானம் ஆகாயத்தில் வட்டமாகக் கரணம் போட்டது. கரணத்தின் உச்சியில் அது குறைந்தபட்சம் 3,500 அடி உயரத்தை எட்டியிருக்கவேண்டும். எட்டியதோ சுமார் 2,700 அடிதான். கரணத்தைத் தொடங்கியபோதே வேகம் குறைவு. இயந்திரத்தின் விசையும் போதவில்லை. உச்சியில் தலைகீழாக இருந்தபோதுகூட, கரணத்தை நிறுத்திவிட்டு விமானத்தை நேர் செய்துகொண்டு தப்பியிருக்கலாம் என்று விசாரணையாளர் கண்டனர். அது செய்யப்படவில்லை. விமானம் நெடுஞ்சாலையில் விழுந்து தீப்பற்றிற்று. பதினொரு பேர் மாண்டனர். பந்தாட்டத்துக்குச் சென்றுகொண்டிருந்த இளைஞர்களும், தொழில் நிமித்தம் மோட்டார் ஓட்டிச் சென்றவரும் அவர்களில் அடங்குவர். காட்சி மைதானத்தின் உள்ளே சீட்டு வாங்கி நின்றவர்களில் ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. விமான ஓட்டி பலத்த காயத்துடன் பிழைத்தார்.

அவர்மீது தொடரப்பட்ட வழக்கில் 2019-ல் ஜூரர்கள் அவர் குற்றவாளியல்லர் என்று தீர்ப்பளித்தார்கள். மரண விசாரணை அதிகாரியோ 2022 டிசம்பரில், பதினொருவரும் சட்ட விரோதமாகக் கொல்லப்பட்டனர் என்று முடிவு கூறினார். ஒரே சம்பவத்தைப் பற்றிய இவ்விரண்டு முடிவுகளும் வந்து சேர்வதற்கு, இறந்தவர்களின் குடும்பத்தார் விபத்து நாள் முதல் ஏழு வருஷங்களுக்கு மேல் காத்திருந்தார்கள். நீதிமன்றத்தின் தீர்ப்பை விவாதிப்பது நமது நோக்கமன்று. ஒரு மனிதர் குற்றவாளியா அல்லவா என்பதைவிடப் பெரியதொரு விஷயம் விமான விபத்து விசாரணையின் அறிக்கையிலே இருக்கிறது. எந்த அபாயத்துக்கு யார் பொறுப்பு என்பதே காட்சியை நடத்தியவர்களுக்கும் மேற்பார்வை செய்தவர்களுக்கும் தெளிவாக இருக்கவில்லையாம்! மைதானத்துக்கு வெளியே நின்றவர்களையும் சென்றவர்களையும் காப்பது யாருடைய கடமை என்று திட்டமாக வகுக்கப்படவில்லை. எல்லோருடைய கடமையும் ஒருவருடைய கடமையும் ஆகாமற் போவது நமது தேசத்தில் மட்டும் நடப்பதன்று என்று இதிலிருந்து தெரிகிறது.

அமெரிக்காவைப் பார்ப்போம். 2022 நவம்பர் 12-ந் தேதி டல்லாஸ் நகரத்துக் காட்சியில், 'பறக்கும் கோட்டை' என்று பெயர் பெற்ற பி-17 குண்டு விமானத்தின்மீது கிங்கோப்ரா என்ற சண்டை விமானம் மோதிற்று. முன்னதில் ஐவரும் பின்னதில் ஒருவரும் ஆக ஆறு பேர் மாண்டனர். சிதறிய பாகங்கள் அருகிலிருந்த நெடுஞ்சாலையிலும் விழுந்தன. தரையில் ஒருவருக்கும் ஊறு நேராதது அதிர்ஷ்டமேயன்றி ஏற்பாட்டின் பயனன்று. சண்டை விமானங்களையும் குண்டு விமானங்களையும் இவ்வளவு உயரத்துக்கு இவை, இவ்வளவு உயரத்துக்கு அவை என்று முன்கூட்டிப் பிரித்து வைக்கவில்லை. காட்சியை நடத்தியவர் ரேடியோ மூலம் அவ்வப்போது உத்தரவிடுவார். ஓட்டிகள் ஒருவரையொருவர் கண்ணால் பார்த்து விலகிக்கொள்வர் என்பதே ஏற்பாடு. ஆனால், அவ்விமானங்களில் உட்கார்ந்த இடத்திலிருந்து எல்லாப் பக்கமும் பார்க்க முடியாது; இறக்கையும் உடலும் கண்ணை மறைக்கும். அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை இவற்றையே விபத்துக்குக் காரணமாகக் கூறிற்று.

இதற்கு மூன்று வருஷங்களுக்கு முன், 2019 அக்டோபர் 2-ந் தேதி, கனெக்டிகட் மாகாணத்தில் மற்றொரு பி-17 விழுந்தது. ஊர் ஊராகச் சென்று, பணம் கொடுத்தவர்களை ஏற்றிப் பறந்து காட்டிய விமானம் அது. ஏறியிருந்த பதின்மூன்று பேரில் ஏழு பேர் மாண்டனர். அவர்களில் ஐவர் பிரயாணிகள். ஓர் இயந்திரம் பழுதுபட்டபின் விமானத்தைச் சரியாகக் கையாளவில்லை என்பதோடு, சுற்றுப்பயணத்தின்போது இயந்திரங்களைச் சரிவரப் பராமரிக்கவில்லை என்றும், அதைக் கண்காணிக்கவேண்டிய சர்க்கார் இலாகாவின் மேற்பார்வை போதவில்லை என்றும் அச்சபை கண்டது.

இம்மூன்று சம்பவங்களையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு ஓர் உண்மை புலனாகும். விமானம் கிழடு தட்டிப் போனதால் மட்டும் இவற்றில் ஒன்றும் நேரவில்லை. ஓரிடத்தில் உயரம் போதவில்லை. ஓரிடத்தில் திட்டம் இல்லை. ஓரிடத்தில் பராமரிப்பு இல்லை. எல்லாம் மனிதர் செய்திருக்கவேண்டியவை, செய்யக் கூடியவையும்கூட. பழைய விமானத்தைப் பறக்கவிடுவது குற்றமன்று. அதைப் புதிய விமானம் போல் ஆட்டிவைப்பதும், 'இத்தனை நாள் ஒன்றும் நேரவில்லையே' என்ற தைரியத்தைப் பாதுகாப்பு என்று எண்ணுவதுமே குற்றம்.

விதிகளைக் கடுமையாக்கினால் செலவு பெருகும், சிறு ஸ்தாபனங்கள் மூடப்படும், காட்சியின் சுவையும் போய்விடும் என்று சிலர் முறையிடுகிறார்கள். செலவைப் பற்றிய முறையீட்டில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும், பாதுகாப்புக்குச் செலவழிக்க முடியாத காட்சியின் மிச்சச் செலவைத் தெருவில் போகிறவர் தம் உயிரால் கொடுக்கவேண்டுமென்பது எந்த ஊர் நியாயம்? சுவையைப் பற்றியோ நாம் இரக்கங்கொள்ள முடியாது. லங்காஸ்டர் கரணம் போடுவதில்லை. நேராகவும் மெதுவாகவும் செல்லுகிறது. அதைக் காணும் முதியோர் கண் கலங்குவதற்கு அதுவே போதுமானதாயிருக்கிறது. நினைவைப் போற்ற வந்தவர்களுக்கு வித்தை வேண்டுவதில்லை.

நிறுத்தவேண்டிய காலத்தில் நிறுத்தவும் தெரியவேண்டும். வல்கன் என்ற பெரிய ஜெட் குண்டு விமானமொன்று, பொதுஜனங்களின் நன்கொடையாலும் புதுப்பிக்கப்பட்டு, 2007 முதல் பறந்தது. அதன் உறுதிக்குப் பொறுப்பேற்று வந்த கம்பெனிகள், இனி அப்பொறுப்பை ஏற்க இயலாது என்று அறிவித்தன. 2015 அக்டோபர் 28-ந் தேதி அது கடைசி முறையாகப் பறந்து இறங்கிற்று. அதை நேசித்தவர்கள் வருந்தினார்கள். ஆனால், அதற்காக ஒரு வீட்டிலும் பிரேதம் எடுக்கப்படவில்லை. கௌரவமான முடிவு இதுவே.

நமது முடிவு யாதெனில்: இவ்விமானங்கள் பறக்கட்டும். ஆனால், வீடுகளுக்கும் பொதுச் சாலைகளுக்கும் மேலே கரணங்கள் கூடா. ஷோர்ஹாம் விபத்துக்குப் பின் பிரிட்டிஷ் அதிகாரிகள் பழைய ஜெட் விமானங்கள் தரைக்கு மேலே கரணம் போடுவதைத் தடுத்து, நேராகப் பறந்து செல்வதோடு நிறுத்தினார்கள். அதைப் பதினொரு பேர் இறப்பதற்கு முன்னரே செய்திருக்கவேண்டும். பல விமானங்கள் சேர்ந்து பறக்குமானால், எது எந்த உயரத்தில், எந்த வழியில் செல்லவேண்டும் என்பது தரையிலேயே எழுதி முடிக்கப்படவேண்டும். பராமரிப்பைச் சோதிப்பவர், அந்த ஸ்தாபனத்தின் நண்பராகவோ அவ்விமானங்களின் மோகத்தில் மூழ்கியவராகவோ இருத்தலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மைதானத்துக்கு வெளியே இருப்பவரின் உயிருக்கு இன்னார் பொறுப்பு என்று ஒருவரின் பெயர் காகிதத்தில் எழுதப்பட்டிருக்கவேண்டும். அந்தப் பெயர் இல்லாத காட்சிக்கு எந்த சர்க்காரும் அனுமதி வழங்கலாகாது. நமது விமானப் படையும் தன் பழைய விமானங்களைக் காட்சிகளில் பறக்கவிடுவதால், இந்த விதிகள் நமக்கும் பொருந்தும்.

யுத்தத்தில் மாண்ட விமான வீரர்கள், தரையிலுள்ள ஜனங்கள் அச்சமின்றித் தம் தெருவில் நடக்கவேண்டுமென்பதற்காகவே பறந்தார்கள் என்று அவர்களுடைய நாட்டார் சொல்லுகின்றனர். அந்த வீரர்களின் பெயரால் நடத்தும் காட்சியில், தெருவில் நடப்பவன் அஞ்ச நேருமானால், அது அவர்களுக்குச் செய்யும் மரியாதையாகாது.